லாபம், ரெண்டு, மூணு

முப்பத்து நான்கு ஆண்டுகளாக டைரி எழுதுகிறேன். அதில் ‘குதித்தேன்’ என்ற சொல் ஓர் இடத்தில்கூட இருந்ததில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ‘கோமதி குதித்தாள்’ என்று ஏழு இடங்களில் இருக்கிறது. ஆனால் அது என் நாத்தனார் கோபத்தில் குதித்தது, கணக்கில் வராது. நான் நடந்திருக்கிறேன், நின்றிருக்கிறேன், வழுக்கியிருக்கிறேன் (மூன்று முறை, அதில் இரண்டு ஒரே குளியலறையில்). இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்பியதாகப் பதிவு இல்லை.

வயதுக்கு வந்த அன்று வீட்டில், “பொம்பளப் புள்ளைக்கு இன்னா குதி வேண்டிக்கெடக்கு?” என்று நிறுத்தினார்கள். நிறுத்தினேன். பிறகு யாரும் ‘இனிமேல் குதிக்கலாம்’ என்று சொல்லவில்லை. உத்தரவு வரும்வரை காத்திருப்பது என் சுபாவம். நில அளவைப் பிரிவில் வரைவாளர் வேலைக்கு இது மிகவும் நல்ல சுபாவம். வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் காணும் பொங்கலன்று எங்கள் குடும்பம் மொத்தமும் கள்ளக்குறிச்சியிலிருந்து வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போகும். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் சாலை, வேன், வெயில். அந்தப் பக்கம் நிழல், அகலமான பாறை, கால் நனைக்கத் தோதான தண்ணீர். நடுவில் இரண்டு பாறைகளுக்கு இடையே ஓர் இடைவெளி. எல்லோரும் அதைத் தாண்டிப் போய் ஆட்டம் போட்டுவிட்டு, பசித்ததும் இந்தப் பக்கம் வந்து சாப்பிடுவார்கள். அதுவரை சாப்பாட்டுப் பைகளைக் குரங்கு தூக்கிக்கொண்டு போகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான முதல் பொங்கலில் நான் தாண்டத் தயங்கி நின்றேன். அதைப் பார்த்த கோமதி, “அண்ணி இருக்காங்க இல்ல, பையப் பாத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டு ஒரே தாவலாகத் தாவிப் போனாள். அவ்வளவுதான், பதவி நிரந்தரமாகிவிட்டது. இருபத்தொரு ஆண்டுகள். ஒரு பொட்டலம்கூடக் காணாமல் போனதில்லை.

போன முறைக்கு முந்தைய முறை, நானும் வருகிறேன் என்று புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறை ஓரம் வரை போனேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் நிலா அந்தப் பக்கத்திலிருந்து, “நீ வேணாம்மா, வுழுந்துடுவ. பையைப் பாத்துக்க, தங்கம் இல்ல” என்றாள். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் அன்பாகச் சொன்னாள். அதுதான் உள்ளே போய்க் குத்தியது.

வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தேன் (எப்போதும் இருக்கும்). ஒரு முனையை அவளிடம் வீசிவிட்டு இடைவெளியை அளந்தேன். மூன்று அடி நான்கு அங்குலம். டேப் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் போகவில்லை. அன்றைய டைரியில் இந்த இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருக்கின்றன.

அடுத்த பொங்கலுக்குள் தாண்டுவது என்று வேனில் மலையிறங்கும்போதே முடிவெடுத்தேன். முடிவைச் செயல்படுத்த யோசித்ததில் ஆடி மாதம் வந்துவிட்டது. ஆவணியில் ஜிம்மில் சேர்ந்தேன்.

எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருந்த அந்த ஜிம் முன்பு நெல் மண்டியாக இருந்தது. மண்டிக்காரர் கலியமூர்த்தி வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு, காலியான குடோனுக்குள் கண்ணாடி ஒட்டி, இயந்திரங்களை இறக்கி, வாசலில் தசைபிடித்த ஒருவரின் படத்தை மாட்டிவிட்டார். ஊர் அதை ஜிம் என்று ஒத்துக்கொண்டாலும் கட்டடம் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே நுழைந்தால் இன்னமும் தவிட்டு வாசனைதான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது அந்துப்பூச்சி பறந்து வரும்.

காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை பெண்களுக்கு. பயிற்சி தருபவள் ரேவதி. இருபத்தாறு வயது, தியாகதுருகத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். பள்ளியில் நீளம் தாண்டுதலில் பரிசு வாங்கியவள்.

“எதுக்கு மேடம் சேர்றீங்க? வெயிட்டு கம்மி பண்ணவா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. மூணு அடி நாலு அங்குலம் தாண்டணும்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் எந்த ஆபீஸ் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். “இன்னா மேடம், வரப்புத் தகராறா?”

விளக்கிச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

குதிக்கச் சொல்லித் தருவாள் என்று போனால், முதல் இரண்டு வாரம் இறங்க மட்டுமே சொல்லித் தந்தாள். நின்ற இடத்திலேயே சின்னதாக எழும்பி இறங்க வேண்டும். “ஏர்றது அப்பறம் மேடம். எறங்கறப்ப ‘தொம்’முன்னு சத்தம் வந்திச்சினா, அது நேரா முட்டிக்குப் போவுதுன்னு அர்த்தம். முன்பாதத்துல எறங்கி, முட்டிய மடக்கி, சத்தத்த முழுங்கிடணும்.” முதல் நாள் நான் இறங்கிய இறக்கத்தில் சுவர்க் கண்ணாடி அதிர்ந்தது. பின்னாலிருந்து இரண்டு அந்துப்பூச்சிகள் வெளியே வந்து என்னவென்று பார்த்துவிட்டுப் போயின.

அவள் சொன்ன ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். இறங்கும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் சாயக் கூடாது. ஷூ நாடா இரட்டை முடிச்சு. ஈரத் தரையில் கூடாது. பெட்டி மேல் ஏறக் குதிக்கலாம். இறங்கும்போது நடந்துதான் இறங்க வேண்டும். கால் நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்குப் போதும். குதிப்பவர் இருக்கும்போது பெட்டிப் பக்கம் வேறு ஆள் போகக் கூடாது. எண்ணிக்கை முடியும் முன் எழும்பக் கூடாது. இப்படிப் பதிமூன்று விதிகள். ஒரு பெரிய அட்டையில் கறுப்பு மையில் எழுதி, எண்களை மட்டும் சிவப்பில் போட்டு, ஜிம் சுவரில் மாட்டினேன். (யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.) அதோடு விட்டிருக்கலாம். யாராவது நாடா அவிழ்ந்து வந்தால், “விதி மூணு” என்று குரல் கொடுக்கத் தொடங்கினேன். மற்றப் பெண்கள் எனக்கு ‘ரூல்ஸ் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அதை நான் பாராட்டு என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

பெட்டி என்பது தச்சர் செய்த பலகைப் பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறு அளவு. புரட்டிப் போட்டால் உயரம் மாறும். பன்னிரண்டு அங்குலம், பதினைந்து, பதினெட்டு. நான் டேப் வைத்துப் பார்த்ததில் பதினைந்து என்ற பக்கம் உண்மையில் பதினாலே முக்கால்தான் இருந்தது. ரேவதி “பரவால்ல மேடம்” என்றாள். எனக்குப் பரவாயில்லை என்று விட முடியவில்லை. தச்சரை வரவழைத்துக் கால் அங்குலப் பட்டை அடிக்க வைத்த பிறகுதான் அதன் மேல் ஏறினேன்.

ரேவதி மூன்று எண்ணுவாள். “ஒண்ணு” என்றால் கை மேலே. “ரெண்டு” என்றால் மடங்கி, கை பின்னால். “மூணு” என்றால் எழும்பு. நான்கு மாதத்தில் என் உடம்பு இதற்கு மணி அடித்தால் ஓடும் பள்ளிக்கூடம்போலப் பழகிவிட்டது. மார்கழி பிறக்கும்போது பன்னிரண்டில் பழுதில்லாமல் ஏறினேன். பதினைந்தில் பத்துக்கு ஏழு முறை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ரேவதியிடமும் சொன்னதில்லை, டைரியிலும் எழுதியதில்லை. “ரெண்டு” என்றதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். மடங்கும்போது தலை குனிந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. பெட்டி இருக்கும் இடம் எனக்கு மனப்பாடம். பதிமூன்று விதிகளிலும் ‘கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளவும்’ என்று ஒரு விதி இல்லை. ஏனென்றால் அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று ரேவதிக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எனக்கு நானே ஒரு தேர்வு வைத்தேன். பதினைந்து அங்குலத்தில் தொடர்ந்து ஐந்து முறை ஏறினால் ஓடையைத் தாண்டுவது. ஒன்றில் தவறினாலும் வழக்கம்போலப் பை. இதைச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னது என் தவறு. பொங்கலுக்குத் துணி எடுக்க மூங்கில்துறைப்பட்டிலிருந்து கோமதி வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

“அண்ணி குதிக்கறாங்களா? நம்ப அண்ணியா?” என்று தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “துணியாவது ஒண்ணாவது. நான் நாளிக்கி அங்கதான் வரப்போறேன்.”

வந்தாள். என் மகளையும் எழுப்பி இழுத்துக்கொண்டு வந்தாள். வெயிட் வைக்கும் பெஞ்சில் இருவரும் சினிமாவுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்தார்கள். கோமதி கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாள்.

ரேவதியைக் காணோம். அதற்குப் பதில் கலியமூர்த்தியே கட்டம் போட்ட சட்டையும் லுங்கியுமாக வந்தார். மூன்று ஆண்டுகளாக அவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார்.

“ரேவதி உளுந்தூர்பேட்டைக்குப் பூட்டா. அவ அக்காவுக்கு வளைகாப்பு. உங்களுக்கு ஏதோ டெஸ்ட்டாமே, நீங்க எண்ணி வுடுங்கன்னு சொல்லிட்டுப் போனா” என்றார். “எண்றது ஒரு வேலையா? நாப்பது வருஷமா அதான செஞ்சிகினு இருக்கேன்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் எண்ணியவர்.

பெட்டியைப் பதினைந்தில் வைத்தேன். டேப் வைத்துச் சரிபார்த்தேன். நாடாவுக்கு இரட்டை முடிச்சு. தரை உலர்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன்.

“ஆரம்பிக்கறதுக்குள்ள பொங்கலே வந்துடும்போல” என்றாள் கோமதி.

பெட்டிக்கு முன் போய் நின்றேன். கலியமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, கணீரென்று தொடங்கினார்.

“லாபம்!”

நல்ல மனிதர், மங்கலமான வார்த்தை சொல்லித் தொடங்குகிறார் என்று நினைத்தேன். ‘ஒண்ணு’க்காகக் காத்திருந்தேன்.

“ரெண்டு!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றை எங்கே தவறவிட்டேன்?

“மூணு!”

நான் அசையவில்லை. பெஞ்சில் சிரிப்புச் சத்தம்.

“இன்னாம்மா நிக்கிறீங்க?”

“நீங்க ஒண்ணு சொல்லலியே.”

“சொன்னனே.”

“எப்ப சொன்னீங்க?”

“மொதல்லயே சொன்னனே. லாபம்னு.”

“அது லாபம்.”

“அதான் ஒண்ணு.”

நெல் அளக்கிறவர்கள் முதல் அளவை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள். ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள்; அடுத்துதான் ‘ரெண்டு’. இது எனக்குத் தெரியாதது அல்ல. என் அப்பா வீட்டுக் களத்தில் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அது நெல் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. இது ஜிம் என்ற தலைப்பு. என் மூளையில் ஒரு கோப்பில் உள்ள காகிதம் இன்னொரு கோப்புக்குத் தானாகப் போகாது.

“ஒண்ணுன்னே சொல்லிடுங்கண்ணா” என்று கேட்டுக்கொண்டேன். “எனக்கு அப்பதான் கை எழும்பும்.”

“இத்தினி வருஷத்துல நான் வாயத் தொறந்து அத்தச் சொன்னதே இல்லம்மா. சரி, உங்களுக்காவ சொல்றேன்.”

மறுபடி நின்றேன். குடோன் அமைதியானது. அவர் மூச்சை இழுத்தார்.

“லாபம்… த்ச… ஒண்ணு…”

கையை மேலே தூக்கினேன்.

“ரெண்டு…”

மடங்கினேன். கை பின்னால் போனது. கண் மூடியது. ‘மூணு’க்காகக் காத்திருந்தேன்.

அடுத்து நடந்ததைப் பிற்பாடு வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் கணக்கில் லாபம், ஒண்ணு, ரெண்டு என்று மூன்று குரல் கொடுத்தாகிவிட்டது. நான் எழும்பவில்லை. பாவம், அம்மா பயப்படுகிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இரக்கப்பட்டு, பெட்டியைப் புரட்டிப் பன்னிரண்டு அங்குலப் பக்கத்தை வைத்துத் தரலாம் என்று எனக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து, மண்டிக்காரர் மண்டியிட்டார். பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, என்னை ஆறுதல்படுத்தும் குரலில் சொன்னார்:

“மூணு இஞ்ச் கம்மியா வெச்சித் தரேம்மா…”

எனக்குக் கேட்டது முதல் வார்த்தை மட்டும்தான்.

என் வாழ்க்கையிலேயே சிறந்த குதி அது. காற்றில் இருந்தபோது கோமதியின் குரல் கேட்டது. “ஐயோ அண்ணி! மண்டிக்காரரு!” என்ன சொல்கிறாள் என்று பார்க்கக் கண்ணைத் திறந்தேன். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் போட்ட சட்டை.

முன்பாதத்தில் இறங்கினேன். முட்டியை மடக்கினேன். சத்தத்தை விழுங்கினேன். அதனால் குடோனுக்குள் வேறொரு சத்தம் தெளிவாகக் கேட்டது. கீழேயிருந்து, கதவின் தாழ்ப்பாள் விலகியதுபோல ஒரு ‘டொக்’.

பிறகு நான், அவர், பெட்டி மூவரும் ரப்பர் விரிப்பில் மூன்று திசைகளில் உருண்டோம்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் குப்புறக் கிடந்தார். அசைவில்லை. அந்தச் சில நொடிகளில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை ஒழுங்காகவே நினைவு வைத்திருக்கிறேன். முதலில் ஆம்புலன்ஸ். அடுத்து அவர் வீட்டாரிடம் என்ன சொல்வது. அதற்கடுத்து, எதிர்ச் சுவரில் என் கையெழுத்தில் தொங்கும் விதி எட்டு: குதிப்பவர் இருக்கும்போது பெட்டிப் பக்கம் வேறு ஆள் போகக் கூடாது.

“அண்ணா… அண்ணா…” என்று அழைத்தேன்.

விரிப்பில் பதிந்திருந்த முகத்திலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

“ஏம்மா… நீங்க காலு முன்னாடி வந்து பொறந்தவங்களா?”

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். கலியமூர்த்தி கையை ஊன்றி எழுந்தார். நின்றார். நேராக நின்றார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், தன்னையே நம்பாதவர்போலக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

“புடிப்பு வுட்டுப்போச்சும்மா” என்றார். கண் கலங்கியிருந்தது.

(அவரை விடாப்பிடியாக மருத்துவரிடம் அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் பழுதில்லை. “இது வைத்தியம் இல்லை, அதிர்ஷ்டம். இன்னொரு முறை யாரையும் மிதிக்க விடாதீர்கள்” என்று மருத்துவர் அவரைத் திட்டினார். மிதித்தவளாக நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.)

வீட்டுக்கு வந்தபோது வீடியோ எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பதினோரு வினாடி. குடும்பக் குழுவில் என் கணவரும் பார்த்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். “அவரு எத்தினி மூட்ட தூக்கின ஆளு… தாங்கிட்டாரு” என்றார். சமாதானம் சொல்கிறாராம்.

கோமதிக்கு அது போதுமாக இருந்தது. “நெல்லு மூட்ட எழுவத்தஞ்சி கிலோ. அண்ணி எவ்ளோ?”

“அறுபத்தெட்டு” என்றேன். கேட்டால் சரியான எண்ணைச் சொல்லிவிடும் வியாதி.

“அப்ப ஒரு மூட்டைக்கி ஏழு கிலோ கம்மி!”

அன்று மாலை டைரியைத் திறந்து எழுதினேன்: ‘தேர்வு: தோல்வி. ஜிம்: இனி இல்லை. பொங்கல்: பை.’ தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள் என்றும் எழுதினேன். அவர்கள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். அதை எழுதவில்லை.

நிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுதியதைப் படித்தாள். கைப்பேசியில் அதே வீடியோவை ஓட்டி, நான் அவர் முதுகில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

“அந்தக் கண்ணாடி தரையிலேர்ந்து எவ்ளோ ஒசரத்துல ஆரம்பிக்குது?”

“பதினெட்டு அங்குலம்.” (அளந்திருந்தேன்.)

“உன் காலு எங்க இருக்குது பாரு.”

பார்த்தேன். கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு இரண்டு விரல்கடை மேலே. ஒருமுறைக்கு மூன்று முறை பார்த்தேன். இருபது அங்குலம். பதினைந்துக்கே பத்தில் ஏழு முறைதான் ஏறிக்கொண்டிருந்தவள், ஒரு மனிதர் மேல் இருபது அங்குலம் ஏறியிருக்கிறேன்.

“கண்ண மூடிக்கினுதான் குதிப்பியா நீ?” என்றாள் அடுத்து. வீடியோவில் அதுவும் தெரிந்தது.

டைரியில் ‘பை’ என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் அடித்த முதல் சொல் அது.

மறுநாள் ரேவதி வந்ததும் வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, “எறக்கம் சூப்பர் மேடம். முட்டி உள்ள போவவே இல்ல” என்றாள். அட்டையில் பதினான்காவது விதியாகக் கண்ணைப் பற்றி எழுதினேன். அந்த வாரம் முழுவதும் கண்ணைத் திறந்துகொண்டு குதித்தேன். பெட்டி இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

காணும் பொங்கலன்று எல்லோரும் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். என் கணவர்கூட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சுடிதாரில், இரட்டை முடிச்சு போட்ட ஷூவோடு, பாறை ஓரத்தில் நின்றேன். அந்தப் பக்கம் பதினாறு முகங்கள். பாறை உலர்ந்திருந்தது. கால் லேசாக நடுங்கியது. கால் நடுங்கினால் அன்றைக்குப் போதும் என்பது விதி. அந்த ஒரு விதியை மீறலாம் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

நிலா கையை நீட்டினாள். “ஒண்ணு…” என்று தொடங்க வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து கோமதி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, மலை எதிரொலிக்கக் கத்தினாள்:

“லாபம்!”

பதினாறு பேரும் சிரித்தார்கள். நான் ரெண்டுக்குக் காத்திருக்கவில்லை.

கண் திறந்திருந்தது. கீழே தண்ணீரில் ஒற்றைச் செருப்பு ஒன்று கல்லிடுக்கில் சிக்கியிருந்தது. இடது கால், நீல வார். இருபத்தொரு ஆண்டுகள் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதற்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. அடுத்து பாறை. முன்பாதம், முட்டி, சத்தமில்லை. நிலா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கோமதி ஓடி வந்து என் இரண்டு கன்னத்தையும் கிள்ளினாள். என் கணவர் கைதட்டினார். அவர் எதற்கும் கைதட்டி நான் பார்த்ததில்லை. எல்லோரும் என்னைச் சுற்றி நின்று கூச்சல் போட்டோம். நானும்தான்.

அதனால்தான் சாலைப் பக்கம் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் பார்த்தவள் நான். பழக்கம் காரணமாக, திரும்பிப் பைகள் இருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு பெரிய குரங்கு புளிசாதத் தூக்கின் மூடியை, ஒரு மனிதர் திறப்பதுபோலவே, திருகித் திறந்துகொண்டிருந்தது. மற்ற ஐந்து குரங்குகள் வரிசையில் நிற்காமல் நின்றன. வடை ஏற்கெனவே மரத்தில் இருந்தது.

பதினேழு பேரும் அன்று மதியம் வெள்ளிமலைக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம்.

இப்போதும் வாரத்துக்கு ஒருவராவது, “காலு முன்னாடி வந்து பொறந்த அம்மா வூடு எது?” என்று கேட்டுக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். நான் தலை முன்னால் வந்து பிறந்தவள். அம்மாவிடம் போனில் கேட்டு உறுதி செய்து டைரியில் குறித்திருக்கிறேன். வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன். படித்துப் பார்த்துவிட்டு, “சரிங்கம்மா, லேசா ஒரு மிதி” என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது தயங்கி நின்றால், அது ரோடு கடப்பதானாலும், கடையில் புடவை எடுப்பதானாலும், “இன்னா, ஒண்ணு சொல்ற வரைக்கும் நிப்பியா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கோமதிக்கு மட்டும் தனியாக ஒன்று உண்டு. யார் அவளிடம் அண்ணியின் குதியைப் பற்றிக் கேட்டாலும், என் அன்றைய டைரியை மனப்பாடமாக ஒப்பிப்பாள். நான் ஒளித்து வைத்தும் படித்துவிட்டாள். அதில் இரண்டே வரிகள்தான்:

‘லாபம்: மூன்று அடி நான்கு அங்குலம். நட்டம்: புளிசாதம் ஒரு தூக்கு, வடை முப்பத்து நான்கு.’